ஒரு இலட்சம் பார்வை, இரண்டு பக்கற் தூள்

கிளிநொச்சியில் இருந்துகொண்டு சிறு வியாபாரங்களுக்குக் காணொளியும் ஒளிப்படமும் எடுத்துக் கொடுப்பது என் தொழில். சில வருடங்களுக்கு முன்னர் விசுவமடுப் பக்கம் வறுத்த மிளகாய்த்தூள் அரைத்து விற்கும் ஓர் அக்காவுக்கு ஏழு நிமிடக் காணொளி ஒன்று செய்தேன். அதில் தூளைப் பற்றி ஒரு நிமிடம்கூட வரவில்லை. கணவர் இல்லாமல் போனது, மெனிக்பாம் முகாமில் இருந்தது, திரும்பி வந்து கொட்டில் போட்டது, ஓர் உரலோடு தொழிலைத் தொடங்கியது என்று அவருடைய கதைதான் முழுவதும். முகநூலில் ஒரு கிழமைக்குள் பார்வை ஒரு இலட்சத்தைத் தாண்டியது. அந்த எண்ணைக் காட்டுவதற்காகவே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு அவருடைய வீட்டுக்குப் போனேன்.

அக்கா கைத்தொலைபேசியை வாங்கிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "தம்பி, ஒரு லச்சம் சனம் பாத்ததெண்டா அதில ஒரு நூறு பேராவது தூள் கேட்டிருக்க வேணுமே. ரெண்டு பேர்தான் கேட்டவை. மிச்சப் பேர் எங்க போனவை?"

என்னிடம் பதில் இருக்கவில்லை. அன்று அவர் இன்னொரு விடயமும் சொன்னார். அதைக் கடைசியில் எழுதுகிறேன். இந்தக் கட்டுரை முதல் கேள்விக்கு நான் பிற்பாடு தேடிக்கொண்ட பதில். ஒரு காணொளி, ஒளிப்படம் அல்லது குரற்பதிவு ஒரு தொழிலுக்கு உண்மையில் பயன்பட்டதா என்பதை எப்படி அளப்பது? வன்னியில் கடன் எடுத்து, சீட்டுக் கட்டித் தொழில் செய்கிறவர்கள் இப்போது காணொளிக்கும் பணம் கொடுக்கிறார்கள். கொடுத்த பணம் எங்கே போனது என்று கேட்கும் உரிமை அவர்களுக்கு இருக்கிறது. அதைக் கேட்கும் முறையும் அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பார்வை என்று எதை எண்ணுகிறார்கள்?

முதலில் "பார்வை" என்ற சொல்லைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கடைக்கு வந்து பொருளைக் கையில் எடுத்துப் பார்த்தவரும், பஸ்ஸில் போகும்போது கடைப் பலகையைக் கண்டவரும் ஒன்றல்ல. சமூக ஊடகத்தின் எண்ணில் இருவரும் ஒன்றாகவே விழுவார்கள்.

முகநூல் நீண்ட காலமாக மூன்று செக்கன் ஓடினாலே அதை ஒரு காணொளிப் பார்வையாக எண்ணிவந்தது. விரலால் தள்ளிக்கொண்டு போகிறவர் அடுத்த பதிவு வரும்வரை சற்று நின்றாலே மூன்று செக்கன் ஆகிவிடும். யூரியூப் தனது குறுங்காணொளிகளுக்கு 2025 மார்ச் 31இல் எண்ணும் முறையை மாற்றியது. அன்றிலிருந்து காணொளி ஓடத் தொடங்கினாலோ மீண்டும் ஓடினாலோ அது ஒரு பார்வை; இத்தனை செக்கன் பார்த்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. பழைய முறையிலான எண் வேறு பெயரில் உள்ளே இருக்கிறது; தேடிப் போகிறவருக்கு மட்டும் தெரியும். அந்த மாதத்துக்குப் பிறகு தன் குறுங்காணொளிக்குத் திடீரென்று மவுசு கூடியதாக நினைத்தவர்கள் உண்டு. மாறியது அளவுகோல்தான்.

அளவுகோல் பிழைத்துப்போன பெரிய கதையும் ஒன்று உண்டு. 2016 செப்ரெம்பரில், காணொளிகளைச் சராசரியாக எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்ற தனது கணக்கு ஏறக்குறைய இரண்டு வருடங்களாகக் கூடுதலாகக் காட்டப்பட்டு வந்ததை முகநூல் ஒப்புக்கொண்டது. மூன்று செக்கனுக்குள் தள்ளிவிட்டுப் போனவர்களைத் தலைக்கணக்கில் இருந்து விட்டுவிட்டுச் சராசரி எடுத்ததுதான் காரணம். வகுப்பில் பூச்சியம் எடுத்த பிள்ளைகளை விட்டுவிட்டு மற்றவர்களின் புள்ளிகளைக் கூட்டிப் பிரித்தால் சராசரி உயரத்தானே செய்யும்? விளம்பரதாரர்கள் தொடுத்த வழக்கில், தவறை ஏற்காமலே 4 கோடி அமெரிக்க டொலர் கொடுத்து 2019இல் அந்நிறுவனம் இணக்கத்துக்கு வந்தது. உலகின் பெரிய நிறுவனங்களே அந்த எண்களை நம்பி ஏமாந்திருக்கின்றன. விசுவமடு அக்காவும் நானும் ஏமாந்ததில் வியப்பில்லை.

காணொளியே சரக்கானவர்களும் மற்றவர்களும்

பார்வைக்குப் பெறுமதியே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. சிலருக்குக் காணொளிதான் சரக்கு. புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் தாத்தாவும் பேரன்மாரும் வயல்வெளியில் பெரிய சட்டிகளில் சமைத்துக் காட்டிய 'வில்லேஜ் குக்கிங் சனல்' 2021 ஜூலையில் யூரியூப்பில் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்டது. தமிழ் அலைவரிசைகளில் அதுவே முதலாவது. அவர்களுக்குப் பார்வை கூடினால் விளம்பர வருமானம் கூடும். அங்கே பார்வையும் பணமும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டவை.

அக்காவின் சரக்கு தூள். காணொளி அதற்கான விளம்பரப் பலகை மட்டுமே. பலகையை எத்தனை பேர் கண்டார்கள் என்பது பயணத்தின் தொடக்கம். பக்கற் கைமாறுவதுதான் முடிவு. யூரியூப்பரின் அளவுகோலை எடுத்துக்கொண்டு தூள் வியாபாரியின் தொழிலை அளந்ததுதான் நான் செய்த முதல் தவறு.

நான்கு படிகள்

இப்போது எந்தக் காணொளியையும் நான்கு படிகளில் வைத்துப் பார்க்கிறேன்: சென்றடைவு, கவனம், அசைவு, பணம்.

சென்றடைவு என்பது எத்தனை பேரின் திரைக்குப் போனது என்பது. இங்கே இரண்டு எண்கள் உண்டு. எத்தனை தடவை காட்டப்பட்டது என்பது ஒன்று; எத்தனை வேறு வேறு ஆட்களுக்குப் போனது என்பது மற்றொன்று. ஒரே ஆள் நான்கு தடவை கண்டால் முதல் எண்ணில் நான்கு, இரண்டாவதில் ஒன்று. யூரியூப்பில், காட்டப்பட்ட முகப்புப்படத்தை எத்தனை வீதம் பேர் தட்டித் திறந்தார்கள் என்ற எண்ணும் கிடைக்கும். அங்குள்ள அலைவரிசைகளிலும் காணொளிகளிலும் பாதிக்கு அது 2 முதல் 10 வீதத்துக்குள் இருக்கும் என்று யூரியூப்பே சொல்கிறது. ஆகவே நூறு பேருக்குக் காட்டி ஐந்து பேர் தட்டினால் மனம் உடையத் தேவையில்லை. ஒரு பேரும் தட்டவில்லை என்றால் முதலில் முகப்புப்படத்தையும் தலைப்பையும் மாற்றிப் பாருங்கள். முழுக் காணொளியையும் திரும்ப எடுக்க வேண்டியதில்லை.

கவனம் என்பது எவ்வளவு நேரம் இருந்து பார்த்தார்கள் என்பது. 2012இல் இருந்தே யூரியூப் வெறும் தட்டல்களை விட்டுப் பார்த்த நேரத்துக்கு முதன்மை கொடுக்கத் தொடங்கியது. ஒவ்வொரு காணொளிக்கும் ஒரு கோட்டுப்படம் கிடைக்கும். எந்த இடத்தில் ஆட்கள் எழும்பிப் போனார்கள் என்பதை அது காட்டும். சினிமாக் கொட்டகையின் கடைசி வரிசையில் இருந்து வெளியேறுகிறவர்களை எண்ணுவது போன்ற வேலை அது. நான் எடுத்த பழைய காணொளிகள் பலவற்றில் விலையும் தொலைபேசி இலக்கமும் கடைசி அரை நிமிடத்தில்தான் வந்தன. கோடு அதற்கு எவ்வளவோ முன்னரே தரையைத் தொட்டிருந்தது. வாங்க விரும்பியவருக்கும் எங்கே கேட்பது என்று தெரிந்திருக்காது. இப்போது முதல் இருபது செக்கனுக்குள் பொருள், நிறை, விலை, இலக்கம் நான்கையும் சொல்லிவிடுகிறேன்.

அசைவு என்பது பார்த்தவர் ஏதாவது செய்தாரா என்பது. லைக் போடுவது மிகச் சிறிய அசைவு. சேமித்து வைப்பதும் இன்னொருவருக்கு அனுப்புவதும் அதைவிடப் பெரியவை. "அம்மாவுக்கு இதில ரெண்டு கிலோ எடுத்து அனுப்பு" என்று சகோதரருக்கு அனுப்பும் செய்தி அப்படித்தான் போகும். இலக்கத்துக்கு அழைப்பதும், வட்ஸ்அப்பில் "விலை என்ன?" என்று கேட்பதும், கடைக்கு வழி தேடுவதும் உண்மையான அசைவுகள். வவுனியா நகரில் கடை வைத்திருப்பவர் கூகுள் வரைபடத்தில் தன் கடையைப் பதிந்து வைத்தால், அதில் இருந்து எத்தனை பேர் அழைத்தார்கள், எத்தனை பேர் வழி கேட்டார்கள் என்ற கணக்கு இலவசமாகவே கிடைக்கும். கடையின் ஒளிப்படங்களைப் புதிதாகப் போட்ட மாதத்தையும் அதற்கு முந்திய மாதத்தையும் ஒப்பிட்டால் அந்தப் படங்களின் வேலை ஓரளவு புலப்படும்.

நான்காவது படி பணம். அதைச் சமூக ஊடகம் காட்டாது. நாங்கள்தான் எழுதி வைக்க வேண்டும்.

பார்ப்பவர் எங்கே இருக்கிறார்?

2012 குடிசன மதிப்பீட்டின்படி கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மூன்று மாவட்டங்களிலும் சேர்த்து நான்கு இலட்சத்துக்கும் குறைவான மக்களே இருந்தார்கள். அப்படியிருக்க எங்கள் ஊர்க் காணொளி ஒன்றை ஒரு இலட்சம் பேர் பார்த்தால் அவர்களில் பெரும்பாலானோர் எங்கே இருப்பார்கள்? நாட்டுவாரியான பகுதியைத் திறந்து பார்த்தபோது அக்காவின் கேள்விக்கு முதல் பாதிப் பதில் கிடைத்தது. கனடா, பிரித்தானியா, பிரான்ஸ், சுவிற்சர்லாந்து, தமிழ்நாடு. அவர்கள் கண்கலங்கிப் பார்த்தார்கள். ஆனால் அக்காவிடம் வெளிநாட்டுக்குப் பொதி அனுப்பும் வழி அன்று இருக்கவில்லை. எப்படி வாங்குவது என்று காணொளியும் சொல்லவில்லை.

புலம்பெயர்ந்தவர் வாங்கமாட்டார் என்பதல்ல இதன் பொருள். ஊருக்கு வந்து திரும்பும் ஒவ்வொருவரின் பயணப் பெட்டியிலும் தூள் பக்கற் இருக்கும். ரொறன்ரோவில் இருக்கும் மகன் பணம் கட்டி, தருமபுரத்தில் இருக்கும் தாய்க்குப் பொருளை இறக்குவிப்பதும் நடக்கிறது. எனவே இரண்டு கூட்டத்துக்கும் இரண்டு செய்திகள் வேண்டும்: இங்கே இருப்பவருக்குப் பொதி வந்து சேரும் நாள், அங்கே இருப்பவருக்கு, இங்கேயுள்ள உறவினர் வீட்டில் கொடுக்கும் வசதி. இரண்டையும் தனித்தனியாகவே அளக்கவும் வேண்டும்.

நேரத்தையும் கவனிக்க வேண்டும். எங்களுக்கு இரவு எட்டு மணி என்றால் ரொறன்ரோவில் காலை ஒன்பதரை அல்லது பத்தரை; பருவத்தைப் பொறுத்து மாறும். லண்டனில் பிற்பகல். மாலையில் போட்ட காணொளியை அன்றிரவே பார்த்து "இது எடுபடவில்லை" என்று அழித்துவிடக் கூடாது. ஒரு காணொளியை இன்னொன்றோடு ஒப்பிடுவதானால் இரண்டுக்கும் ஒரே அளவு நாட்கள் கொடுங்கள். நான் ஏழு நாள் கொடுக்கிறேன். பிறகு முப்பதாம் நாளும் ஒருமுறை பார்க்கிறேன்.

கடிதம் எண்ணிய காலம்

பார்த்தவரையும் வாங்கியவரையும் இணைத்துப் பார்ப்பது இணையத்தோடு வந்த வித்தையல்ல. 1952இல் இலங்கை வானொலியில் அமீன் சயானி இந்தியில் நடத்தத் தொடங்கிய 'பினாகா கீத்மாலா' ஒரு பற்பசையின் பெயரைத் தாங்கிய நிகழ்ச்சி. வானொலிப் பெட்டிக்கு முன்னால் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எவரும் கண்டறிய முடியாத காலம் அது. இந்தியா முழுவதிலும் இருந்து ஆயிரக்கணக்கில் வந்து குவிந்த கடிதங்களே அளவுகோல். எங்கள் தமிழ்ச் சேவைக்கும் தமிழ்நாட்டில் இருந்து அப்படிக் கடிதங்கள் வந்தன. பேனை எடுத்து எழுதி, முத்திரை ஒட்டி, தபாற்பெட்டி வரை நடந்து போனவர் நிச்சயமாகக் கேட்டவர்தான்.

அதற்கும் முன்னர், அமெரிக்க விளம்பர எழுத்தாளரான குளோட் ஹொப்கின்ஸ் 1923இல் வெளியிட்ட நூலில் இன்னொரு வழியை விளக்கியிருந்தார். பத்திரிகை விளம்பரத்தோடு வெட்டி அனுப்பும் துண்டு ஒன்றைச் சேர்ப்பது. ஒவ்வொரு விளம்பரத்தின் துண்டிலும் வேறு வேறு குறியீடு போடுவது. திரும்பி வரும் துண்டுகளைப் பிரித்து எண்ணினால் எந்த விளம்பரம் ஆட்களைக் கொண்டு வந்தது என்று தெரிந்துவிடும். இணையத்தளங்களின் இணைப்புகளுக்குப் பின்னால் இன்று ஒட்டப்படும் நீண்ட குறியீடுகளும் அதே வேலையைத்தான் செய்கின்றன. எங்கள் ஊரில் பலரிடம் இணையத்தளம் இல்லை. வட்ஸ்அப் இருக்கிறது. அது போதும்.

குறியீடும் கொப்பியும்

வட்ஸ்அப்பில் ஓர் இணைப்பைத் தட்டியவுடன், முன்கூட்டியே எழுதப்பட்ட செய்தி ஒன்று அனுப்பத் தயாராகத் திறக்கும்படி செய்யலாம். முகநூலில் போடும் காணொளிக்குக் கீழே உள்ள இணைப்பில் "தூள் வேணும் - மு1" என்றும், யூரியூப் காணொளிக்குக் கீழே "தூள் வேணும் - யூ1" என்றும் வைத்தோம். செய்தி வரும்போதே அது எந்த வாசலால் வந்தது என்று தெரிந்துவிடும். ரிக்ரொக்கில் இணைப்புப் போட முடியாத இடத்தில் குரலிலேயே சொன்னோம்: "மஞ்சள் மூடி எண்டு சொல்லிக் கேளுங்கோ." அப்படிச் சொல்லிக் கேட்டவர்கள் அந்தக் காணொளியில் இருந்து வந்தவர்கள்.

நேரே அழைப்பவரிடம் ஒரேயொரு கேள்வி: "எங்க பாத்தனீங்கள்?" பலர் "போனில" என்பார்கள். "எந்தப் படம், என்ன செய்துகொண்டிருந்தனாங்கள்?" என்று கேட்டால் சொல்லிவிடுவார்கள். "மிளகாய் வறுக்கேக்க நீங்கள் தும்மினது" என்று ஒருவர் சொன்னபோது அக்கா சிரித்துவிட்டார். நான் வெட்டி எறிய நினைத்து மறந்துபோன துண்டு அது.

வியாபாரத்துக்கென்று 2018இல் வெளிவந்த வட்ஸ்அப் பிசினஸ் செயலியில் அடையாளப் பட்டிகள் உண்டு. புதிய ஓடர், பணம் வர வேண்டும், பணம் வந்தது, முடிந்தது என்று ஒவ்வொரு உரையாடலுக்கும் நிறம் கொடுக்கலாம். மாத முடிவில் அவற்றை எண்ணினால், கேட்டவர்கள் எத்தனை, வாங்கியவர்கள் எத்தனை என்பது கையில் கிடைக்கும். பொருட்களின் ஒளிப்படங்களை விலையோடு அடுக்கி வைக்கும் வசதியும் அதில் இருக்கிறது. நல்ல வெளிச்சத்தில் எடுத்த படமும் விலையும் இருந்தால் "இது எவ்வளவு?" என்ற கேள்வி குறைகிறது. அக்கா அடுப்படியில் நிற்கும் நேரம் மிஞ்சுகிறது. அதுவும் ஒளிப்படத்தின் இலாபம்தான்.

வட்ஸ்அப் ஸ்ரேற்றஸில் போடுவதையும் அளக்கலாம். ஆனால் உங்கள் இலக்கத்தைத் தம் தொலைபேசியில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கே அது தெரியும். பார்த்ததைத் தெரிவிக்கும் நீலக்குறியை அணைத்து வைத்திருப்பவர் பார்த்தாலும் பட்டியலில் பெயர் வராது. ஆகவே அங்கே காட்டும் எண் எப்போதும் சற்றுக் குறைந்தே இருக்கும். அறுபது பேர் பார்த்து எட்டுப் பேர் கேட்டால், அது முகநூலின் ஆயிரக்கணக்கான பார்வையைவிடப் பெரிய பலன்.

கொப்பியில் அக்கா ஆறு கட்டங்கள் போட்டிருக்கிறார்: திகதி, குறியீடு, ஊர், எத்தனை பக்கற், பணம், முதல் தடவையா இரண்டாம் தடவையா. வாடிக்கையாளரின் இலக்கத்தை வேறு கொப்பியில் எழுதுகிறார். அதை எவரிடமும் கொடுப்பதில்லை. இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், நம்பித் தந்த இலக்கத்தைக் காப்பது வியாபார மரியாதை.

இலாபக் கணக்கு

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். காணொளிக்கு 12,000 ரூபா, அதை முகநூலில் பணம் கட்டிப் பரப்ப 3,000 ரூபா, மொத்தம் 15,000. அந்தக் காணொளியின் குறியீட்டோடு 40 ஓடர்கள் வருகின்றன. ஓர் ஓடரைப் பிடிக்க ஆன செலவு 375 ரூபா. மிளகாய், மல்லி, விறகு, பக்கற், கூரியர், கூலி எல்லாம் போக ஓர் ஓடரில் கையில் மிஞ்சுவது 300 ரூபா என்றால் வரவு 12,000. அதாவது 3,000 ரூபா நட்டம்.

இங்கேயே கணக்கை மூடினால் "காணொளி சரிவராது" என்ற முடிவுக்கு வருவோம். ஆனால் அந்த 40 பேரில் 10 பேர் அடுத்த மூன்று மாதங்களில் இரண்டு தடவை திரும்பி வாங்கினால் மேலும் 20 ஓடர், 6,000 ரூபா. இப்போது 3,000 ரூபா இலாபம். தூள் தீர்ந்தால் திரும்பவும் வேண்டும். ஆகவே தூளுக்குத் திரும்பி வருபவர்களை எண்ணாமல் காணொளியின் பலனைச் சொல்ல முடியாது. கலியாண மண்டப அலங்காரம் செய்பவருக்கு இது பொருந்தாது. ஒருவருக்கு ஒருமுறைதான் கலியாணம். அவர் எண்ண வேண்டியது, யார் சொல்லி யார் வந்தார்கள் என்பதை.

பணம் கட்டிப் பரப்பும்போது இன்னொரு பொறியும் உண்டு. விளம்பரத்தின் நோக்கம் என்ன என்று முகநூல் முதலில் கேட்கும். "காணொளிப் பார்வை" என்று தெரிவு செய்தால், காணொளி பார்க்கும் பழக்கம் உள்ளவர்களைத் தேடிக் காட்டும். "செய்தி அனுப்புதல்" என்று தெரிவு செய்தால், வியாபாரிகளுக்குச் செய்தி அனுப்பும் பழக்கம் உள்ளவர்களைத் தேடும். முதலாவதில் பார்வை மலியும், இரண்டாவதில் குறையும். கேட்டதைத்தான் அந்த இயந்திரம் தரும். பார்வையைக் கேட்டுவிட்டு வியாபாரம் வரவில்லை என்று நாங்கள் கோபிக்கிறோம்.

கணக்கு ஏமாற்றும் இடங்கள்

வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல் வரும். ஓகஸ்ட் விடுமுறைக்கு வெளிநாட்டில் இருந்து ஆட்கள் வருவார்கள். பெரும்போக அறுவடை முடிந்து நெல் விற்ற காசு புழங்கும் மாதங்களும் உண்டு. அந்த நாட்களில் காணொளி போட்டாலும் போடாவிட்டாலும் விற்பனை ஏறும். ஏறியதை எல்லாம் காணொளியின் கணக்கில் எழுதக் கூடாது. சென்ற வருடம் அதே மாதத்தில் எவ்வளவு விற்றது என்று பாருங்கள். பழைய கணக்கு இல்லையென்றால் ஒரு கிழமை போட்டு, மறு கிழமை போடாமல் இருந்து, இப்படி இரண்டு மாதம் மாற்றி மாற்றிச் செய்து பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

சிறிய எண்களை வைத்துப் பெரிய முடிவு எடுப்பதும் ஆபத்து. ஒரு காணொளிக்கு மூன்று ஓடர், இன்னொன்றுக்கு ஐந்து என்றால் இரண்டாவது சிறந்தது என்று சொல்ல முடியாது. ஒரு சித்தி இரண்டு பக்கற் கூட எடுத்திருப்பார், அவ்வளவுதான். ஒரே மாதிரியான நான்கைந்து காணொளிகளைச் சேர்த்துப் பார்த்த பிறகே, வறுப்பதைக் காட்டுவது நல்லதா, சமைத்துக் காட்டுவது நல்லதா என்று பேசலாம்.

சரக்கையும் பாருங்கள். ஓடர் நிறைய வந்து, தூள் முடிந்து, பத்து நாள் காக்க வைத்தால் காணொளி நன்றாக வேலை செய்து தொழிலுக்குக் கெட்ட பெயர் வாங்கித் தந்திருக்கிறது என்று பொருள். போடுவதற்கு முதல்நாள் நான் கேட்பது, "அக்கா, எத்தனை பக்கற் கட்டிக் கிடக்கு?" என்பதே.

அதோடு, எல்லாப் பலனும் இணையத்தில் தெரியாது. புதுக்குடியிருப்புச் சந்தையில் "நீங்கள்தானே அந்தத் தும்மின அக்கா?" என்று கேட்டு வாங்குபவர் எந்தக் குறியீட்டிலும் விழமாட்டார். தெருவில் ஒலிபெருக்கி கட்டிய முச்சக்கரவண்டியில் விற்பவரின் குரற்பதிவுக்கும் இதேதான். பதிவு ஓடிய நாளையும் ஓடாத நாளையும் ஒரே தெருவில் எண்ணிப் பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை. கேட்டு எழுதுவதற்குக் கொப்பி எப்போதும் வேண்டும்.

எண்ணக் கூடாதது

இனி, அன்று அக்கா சொன்ன மற்ற விடயம்.

"மகளை வகுப்புப் பிள்ளையள் கேட்டவையாம், 'உங்கட அம்மா அழுத வீடியோ பாத்தனாங்கள்' எண்டு. அவள் ரெண்டு நாளா என்னோட கதைக்கேல்லை."

நான் எண்ணிய எந்த எண்ணிலும் அந்தப் பிள்ளை இருக்கவில்லை. ஒரு இலட்சம் பார்வைக்குள் அந்த வகுப்பறையும் ஒரு மூலையில் இருந்திருக்கிறது. அன்றிரவே காணொளியை எடுத்துவிட்டேன். பார்வைக் கணக்கு அழிந்தது எனக்கு அப்போது கொஞ்சம் வலித்தது என்பதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

வன்னியில் அதிகம் பார்க்கப்படும் காணொளிகளில் கண்ணீர்க் காணொளிகளுக்குத் தனி இடம் உண்டு. போரில் அவயவம் இழந்தவர், தனித்து நிற்கும் தாய், ஒழுகும் கொட்டில். உதவி கிடைத்த குடும்பங்களும் இருக்கின்றன. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பார்வையை மட்டும் அளவுகோலாக வைத்தால், அடுத்த காணொளிக்கு இன்னும் கொஞ்சம் அழச் சொல்லும்படி அந்த எண்ணே எங்களைத் தள்ளும். நான் அப்படித்தான் தள்ளப்பட்டேன். "அக்கா, அந்த இடத்தை இன்னொருக்காச் சொல்லுங்கோ" என்று கேட்டவன் நான். எதை எண்ணுகிறோமோ, கமெரா அந்தப் பக்கமே திரும்பும். ஓடரை எண்ணத் தொடங்கிய பிறகு என் கமெரா சட்டியின் பக்கம் திரும்பியது. மிளகாயின் நிறத்துக்கும், உரலின் ஓசைக்கும், பக்கற்றில் எழுதிய திகதிக்கும்.

இப்போது படம் எடுக்க முன்னர் இரண்டு விடயங்கள் செய்கிறேன். எடுத்ததை வெளியிடுவதற்கு முன்னர் அவருக்கும், வீட்டில் விளங்கும் வயதுள்ள பிள்ளைகளுக்கும் போட்டுக் காட்டுகிறேன். எப்போது வேண்டுமானாலும் எடுக்கச் சொல்லலாம், காரணம் கேட்கமாட்டேன் என்று சொல்கிறேன். இதனால் பார்வை குறையும். அந்தக் குறைவை நான் நட்டக் கணக்கில் எழுதுவதில்லை.

அக்காவின் அடுத்த காணொளி ஒன்றரை நிமிடம். வறுப்பது, இடிப்பது, அரிப்பது, கட்டுவது, விலை, இலக்கம். பார்வை முதலாவதன் பக்கத்தில்கூட வரவில்லை. வட்ஸ்அப்பில் "மு1" என்று முடியும் செய்திகள் மட்டும் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. சில மாதங்களில் உரலை விட்டு ஒரு சிறிய அரைக்கும் இயந்திரம் வாங்கினார். போன கிழமை புதிய காணொளி ஒன்று எடுக்கப் போயிருந்தேன். கொப்பியை எடுத்து வந்து, இரண்டாம் தடவை வாங்கியவர்களின் பக்கத்தைத் திறந்து காட்டினார். மகள் பக்கத்தில் இருந்து, போன மாதத்துக் கணக்கைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.